இருக்கலாம் என்றுதான் சொன்னேன்

மலேசியாவில் ரந்தாவ் பக்கம் நாங்கள் வேலை செய்யும் தோட்டத்தில், செம்பனை மரங்களுக்கு அடியில் பீங்கானுக்கு விலைபோகும் வெள்ளைக் களிமண் இருக்கிறது என்று பேச்சு கிளம்பியதும், நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயத்தில், பாதிப் பேர் மனதுக்குள் புது வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மண் எடுக்க வந்த கம்பெனி கேட்டது ஒன்றுதான். லயத்தை இப்போதே காலி செய்யுங்கள், மண் விற்றதும் வீடு கட்டித் தருகிறோம்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் கம்பெனியின் இன்ஜினியர் வந்து பேசினாள். சின்ன வயது மலாய்ப் பெண். நான் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் பாரம்வரை படித்தவள், மலாய் நன்றாக வரும் என்று என்னை மொழிபெயர்க்க நிறுத்தியிருந்தார்கள். அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

மண்ணைச் சோதிக்கத் துளை போட்ட சில இடங்களில் நல்ல மண் வந்தது, சில இடங்களில் வெறும் மணல். துளைகளுக்கு நடுவே என்னவென்று தெரியாது. நிறையவும் இருக்கலாம், கொஞ்சமாகவும் இருக்கலாம் என்றாள். அப்படியே சொன்னேன்.

கோயில் தலைவர் என் காதருகே குனிந்தார். "தங்கச்சி, இருக்குன்னு சொல்லிடு லா. சனங்க பயப்படுது."

"அவங்க சொல்லாததை நான் எப்படிண்ணே சொல்றது? அம்மா பாத்துக்கிட்டு நிக்கிறா."

லாரி ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "இவ்வளவு படிச்சிட்டு இருக்கா இல்லையான்னு சொல்லத் தெரியலையே. பூப் போட்டுப் பாத்தா அம்மா டக்குனு சொல்லிடுவா."

சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவுமாய் இரண்டு பொட்டலம் கட்டிச் சன்னதியில் போட்டு, ஒன்றை எடுத்து உத்தரவு கேட்பது எங்கள் வழக்கம்; வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். என் மகள் கல்யாணத்துக்கும் அப்படித்தான் கேட்டேன்.

"செய்யலாமா வேணாமான்னா பூ சொல்லும்ண்ணே. எவ்வளவுன்னு கேட்டா எப்படிச் சொல்லும்? திருவிழா அன்னதானத்துக்கு எத்தனை பேர் வருவாங்க, நீங்க சொல்லுங்க பாப்போம்."

"அது எப்படிச் சொல்றது? மழை பேஞ்சா கொஞ்சம் பேரு. சிரம்பான் டவுன் சனமும் வந்துட்டா சட்டி காலி."

"அப்ப நீங்களும் இன்ஜினியர்தான்."

மண்டபமே சிரித்தது. என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவளும் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் தலைவரே கேட்டார். "அப்ப, மண்ணு கொஞ்சமா இருந்துட்டா நம்ம வீடு?"

மலாயில் கேட்டேன். அவள் மழுப்பவில்லை. அப்படியானால் கம்பெனி பாதியில் போய்விடலாம், வீட்டுக்குத் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றாள். அதையும் ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

"அப்படின்னா வீட்டைக் கட்டிக் கொடுக்கட்டும். அப்புறம் காலி பண்ணுவோம்" என்றார் தலைவர். அப்படி நிற்கலாமா என்று அன்றே பூக் கேட்டோம். வெள்ளை வந்தது.

கம்பெனிக்கு நிலம் வேண்டும், எங்களுக்கு வீடு வேண்டும். பல மாதம் இழுபறி. ஒரு குடும்பம்கூட நகரவில்லை. கடைசியில் இறங்கி வந்தார்கள். ரோட்டோரமாய் வரிசையாக வீடு எழும்பியது. வீட்டுப் பட்டா, கிராண்ட், எங்கள் பேருக்கு வந்த பிறகே லயத்தைவிட்டு வெளியேறினோம்.

தோண்டிப் பார்த்ததில் மண் கொஞ்சம்தான். மெஷின்கள் லாரியேறிப் போன சாயங்காலம் நாங்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தோம். அம்மனுக்கு அன்று பொங்கல் வைத்தோம். எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது.