சிவப்புக் குறி போட்ட ஃபில்டர்

எங்கள் கம்பெனியில் காருக்கான பேப்பர் ஏர் ஃபில்டர் செய்கிறார்கள். நான் அங்கே பதினெட்டு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் நிற்கிறேன். மேஜையின் கண்ணாடிக்குக் கீழே டியூப் லைட் எரியும். ஃபில்டரை அதன் மேல் வைப்பேன். மடிப்புக்குள் எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால், சிவப்பு மார்க்கரால் குறுக்கே ஒரு எக்ஸ் போட்டுச் சிவப்புத் தொட்டியில் எறிவேன். இந்த வேலைக்கு மூளை தேவையில்லை, கண் போதும். அதனால்தான் இத்தனை வருடம் நிலைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான், என் சொந்தக் காருக்கு வேறு கம்பெனியின் துணி ஃபில்டரை வாங்கினேன். கழுவிக் கழுவித் திரும்பப் போடுவது. ஓட்டல் வைத்திருப்பவன் எதிர் ஓட்டலில் போய் ஒளிந்து தோசை சாப்பிடுகிற மாதிரி வேலைதான்.

காரணம் பயம். கார் செகண்ட் ஹேண்ட். வல்லம் வடகால் ரோட்டில் தினமும் எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் போகிறேன். முன்கண்ணாடியில் வைப்பர் போட்டால் சேறாக வழிகிறது. பேப்பர் ஃபில்டர் இரண்டு மாதத்தில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் நுரையீரலைப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஒரு வாரம் போனில் வீடியோவாகப் பார்த்தேன். ஸ்பாஞ்ச், துணி, கம்பி வலை என்று வகைகள். ஒருவர் துணிதான் ராஜா என்றார். அடுத்தவர், துணி போட்டால் தூசி உள்ளே போய் இன்ஜினை ராவிவிடும் என்றார். இருவரும் ஒரே மாதிரி தாடி வைத்திருந்ததால் யாரை நம்புவது என்று தெரியவில்லை.

பிள்ளைப்பாக்கம் மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"அண்ணே, இன்னாத்துக்குண்ணே உனுக்கு இந்த வேலை? கழுவுன பெறகு ஆயில் அடிக்கணும். கொஞ்சம் ஜாஸ்தியா அடிச்சுக்கினா சென்சார் பூடும். கம்மியா அடிச்சா தூசி பூரும். உன் கை நடுங்குற நடுக்கத்துக்கு பேப்பரே போட்டுக்கினு போ."

அவன் சொன்ன பிறகும் ஆர்டர் போட்டேன். வந்ததும் பயம் இரண்டு மடங்கு ஆனது. கையில் எடுத்தால் வலை மாதிரி இருந்தது. வீட்டு டார்ச்சை அடித்துப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. பதினெட்டு வருடம் அந்த மேஜையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு டார்ச் எப்படிப் போதும்?

ஒரு காலை, டிபன் பைக்குள் டப்பாவுக்கு அடியில் அதைச் செருகிக்கொண்டு ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போனேன்.

கேட்டில் ஒரு விதி உண்டு. வெளியிலிருந்து சொந்தப் பொருள் எது கொண்டுவந்தாலும் உள்வரும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாத பொருள் வெளியே போகும்போது பையில் இருந்தால் அது கம்பெனிப் பொருள், அதாவது திருட்டு. ரிஜெக்ட் ஃபில்டரை யாரோ கடத்தி மார்க்கெட்டில் விற்றதிலிருந்து ரொம்பக் கண்டிப்பு. போன வருடம் ஒருவருக்கு ஒரே ஒரு ரப்பர் வளையத்துக்காக வேலை போனது. எனக்கு வயது நாற்பத்தெட்டு. இந்த வயதில் வேலை போனால், இந்த ரோட்டில் எந்த கேட்டும் எனக்காகத் திறக்காது. ஆனாலும் ஃபில்டர் கம்பெனி நோட்டில் "ஏர் ஃபில்டர் – 1" என்று எழுத வெட்கமாக இருந்தது. சும்மா உள்ளே போய்விட்டேன்.

டீ இடைவேளையில் லைனில் யாரும் இல்லை. மேஜையில் வைத்தேன். அடேயப்பா. மடிப்பு மடிப்பாக வெளிச்சப் புள்ளிகள், கல்யாண மண்டபத்து சீரியல் செட் மாதிரி. துணி ஃபில்டர் அப்படித்தான் இருக்கும், எண்ணெய்தான் தூசியைப் பிடிக்கும் என்று வீடியோவில் சொன்னது மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியாதே. கை தானாக மார்க்கரை எடுத்தது. குறுக்கே பெரிய எக்ஸ். தொட்டிப் பக்கம் தூக்கிக்கொண்டும் போய்விட்டது. அங்கேதான் விழித்தேன்.

இப்போது என் கையில் இருப்பது, கம்பெனி மார்க்கரால் கம்பெனிக் குறி போட்ட ஒரு ரிஜெக்ட் ஃபில்டர்.

துடைத்தேன், போகவில்லை. தொட்டியில் போட்டுவிடலாம் என்றால், சாயங்காலம் எண்ணும்போது வேறு கம்பெனி ஃபில்டர் எப்படி வந்தது என்று லைனையே நிறுத்துவார்கள். பைக்குள் வைத்தேன். மிச்ச ஷிஃப்ட் முழுக்க எதைப் பார்த்தேன், எதை விட்டேன் என்று இன்றுவரை தெரியாது. நீங்கள் சமீபத்தில் ஃபில்டர் மாற்றியிருந்தால் மன்னிக்கவும்.

இரண்டரை மணிக்கு கேட்டில் வரிசை. செக்யூரிட்டி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், தினமும் என்னோடு டீ குடிப்பவர். சில நாள் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். அன்று டப்பாவைத் தூக்கினார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"என்னோடதுதாங்க."

"ஒம்மதா? செவப்பு போட்ருக்கு?"

"நான்தான் போட்டேன்."

"அதத்தானவே நானும் சொல்லுதேன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அவர் போனை எடுத்து குவாலிட்டி மேனேஜரைக் கூப்பிட்டார்.

மேனேஜர் வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம பார்ட்டே இல்லையே."

திருடன் இல்லை என்று நிரூபிக்க ஒரே வழிதான். கேட் லாக்கரிலிருந்து என் போனை எடுத்து ஆர்டர் போட்ட மெசேஜைக் காட்டினேன்.

"காசு குடுத்து வாங்குனீங்களா? அப்போ நம்ம ஃபில்டர் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்ல?"

"இருக்கு சார்."

"அப்புறம் இது?"

"பயம் சார். தூசி ஜாஸ்தி."

"சரி, சிவப்பு ஏன் போட்டீங்க?"

"வெளிச்சம் வந்துச்சு சார். ரிஜெக்ட் பண்ணிட்டேன்."

அவர் ஃபில்டரைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். சிரிக்கப் போகிறாரா, ஆபீஸுக்குப் போன் போடப் போகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள், நாளை மறுநாள் கூப்பிடுகிறோம் என்றார்.

அந்த இரண்டு நாள் நான் சோறு தின்றதாக நினைவில்லை. மனைவி கேட்டாள், "இன்னா, வேலைய வுட்டு தூக்கிடுவாங்களா?" தெரியாது என்றேன்.

மூன்றாம் நாள் ஒரு வார்னிங் லெட்டர். வேலை இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு, ஃபில்டரைத் திருப்பித் தருவீர்களா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"சிவப்பு போட்ட எதுவும் கேட்டைத் தாண்டாது. ரூல் உங்களுக்குத் தெரியாதா?" என்றார் மேனேஜர்.

ஸ்கிராப் மெஷினில் என் கண் முன்னாலேயே நசுக்கினார்கள். ஸ்கிராப் சீட்டில் இன்ஸ்பெக்டர் பெயருக்கு நேராக நான்தான் கையெழுத்துப் போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் "வெளிச்சம் வருகிறது" என்று எழுதினேன்.

வீட்டு வாசலிலேயே மனைவி நின்றிருந்தாள்.

"வேலை கீதா, பூட்ச்சா?"

"ஃபில்டர் பூட்ச்சு. வேலை கீது."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.