அண்ணன் டிரில்லுக்குச் சக்கரம் வைத்தோம்

டிரில்லின் வாயை அகலத் திறந்தால் உள்ளே அடியில் ஒரு திருகு தெரியும். அதைக் கழற்ற மதினியும் நானும் ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டினோம். இடப்பக்கம் சுற்றச் சுற்ற அது இறுகிக்கொண்டே போனது. வெறுத்துப்போன மதினி எதிர்ப்பக்கம் ஒரு முறுக்கு முறுக்கினாள். மளுக்கென்று விட்டுக்கொடுத்தது. "ஏட்டி, இது தலகீழ் மரைட்டி!" என்று அவள் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள்.

செய்தித்தாளில் பிரித்துப் பரப்பியிருந்ததைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "எம்புள்ள அம்புட்டுத் தூரத்துலேர்ந்து கொண்டாந்த சாமானு. வந்து கேட்டாம்னா ரெண்டுபேரும் என்ன சொல்லுவிய?" மதினி திருகைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

அண்ணன் அப்போது சார்ஜாவில் இருந்தான். விடுமுறைக்கு வந்தபோது வாங்கிவந்த பேட்டரி டிரில் அது. அவன் திரும்பிப்போன பிறகு பேட்டரி சார்ஜ் ஏறாமல் பரணில் கிடந்தது. நான் கோவில்பட்டியிலிருந்து கல்லூரிப் பேருந்தில் போய்வந்து பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் ரோபோக்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி வைத்தார்கள். வகுப்புப் பையன்கள் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே வந்து சொன்னேன். ஓட்டப்பிடாரத்துக்காரியான மதினி, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்த சான்றிதழைப் பீரோவில் வைத்துவிட்டு எங்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவள். கேட்டுவிட்டு நேரே பரணில் ஏறினாள்.

இரண்டு சக்கரத்துக்கு இரண்டு மோட்டார் வேண்டும். எங்கள் வீட்டுக் கதவுகளைச் செய்த ஆசாரியிடமும் பேட்டரி செத்த டிரில் ஒன்று இருந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார். இரண்டு பேட்டரிகளையும் உடைத்தபோது உள்ளே பத்துப் பத்தாக இருபது செல்கள். ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தோம். முள் எழும்பும்போதெல்லாம் மதினி என் தொடையில் ஓர் அடி வைப்பாள். உயிருள்ள பத்தைச் சேர்த்துப் பற்றவைத்து ஒரே பேட்டரியாக்கினோம். இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் மோட்டாரும் கியரும் அட்டைப்பெட்டியில் வந்து இறங்குகின்றன. கையொப்பமிட்டு வாங்கி வைக்கிறேன். ஒன்றுக்காவது என் நெஞ்சு அப்படி அடித்ததில்லை.

லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய சக்கரங்களுக்கு சைக்கிள் டியூபைச் சுற்றினோம். நீள வயரில் இரண்டு சுவிட்ச். புறவாசலில் ஓடவிட்ட அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. கரிசல் அப்பிச் சக்கரம் இரண்டு மடங்கானது. மாட்டையே நிறுத்திவிடும் சேறு அது. மோட்டார் நிற்கவில்லை, முனகிக்கொண்டே போனது. நாங்கள் முழங்கால் வரை சேற்றோடு பின்னாலேயே போனோம்.

போட்டியன்று மதினி பார்வையாளர்களோடு தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டியதாயிற்று. மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். எதிரே எங்கள் வகுப்புப் பையன்கள். விசில் அடித்ததும் எங்கள் வண்டி கயிற்றை விறைப்பாக்கியது. உடனே 'டடடட' என்று சத்தம். மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் நிற்கிறது. தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பையன்கள் சிரித்தார்கள்.

கூட்டத்துக்குள்ளிருந்து மதினியின் குரல் வந்தது. வெளியாட்கள் முன்னால் சத்தமாகச் சிரித்துக்கூடக் கேட்டிராத குரல். "ஏட்டி! டிரில் கழுத்துல நம்பர் போட்ட வளையத்தப் பாரு! பாரம் கூடுனா வழுக்கிவிடுதது அதாம்ட்டி! ரெண்டையும் கடைசி வரைக்கும் திருப்பு!"

திருப்பினேன். அடுத்த ஆட்டத்தில் அந்தச் சத்தம் வரவில்லை. எதிர் வண்டி ஒரு கணம் நின்றது, பிறகு எங்கள் பக்கமாக வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் வயர் சூடாகி நாற்றம் வந்தது. சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவில்லை. அவர்கள் வண்டி கோட்டைத் தாண்டியபோது மதினி தடுப்புக் கயிற்றைத் தாண்டி ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் போன் செய்தான். அம்மா எடுக்குமுன் மதினி எடுத்தாள். நான் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். "உங்க டிரில்லப் பிரிச்சிட்டேன்" என்றாள். "இனி ஓட்ட போடாது. இப்ப அதுக்குச் சக்கரம் இருக்கு. போட்டில ஜெயிச்சிட்டோம்."

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன கிலோ இழுக்கும்?" என்றான் அண்ணன்.

மதினி அப்படியே தரையில் உட்கார்ந்து, தலைகீழ் மரையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்குப் போன் அம்மா கைக்கும் வரவில்லை, என் கைக்கும் வரவில்லை.