டூக்கான் உறங்கும் நேரம்

2009 டிசம்பர் 12, சனி. காலை 11.10க்கு ஜெர்மனியின் ஹம் நகர நிலையத்தில் ரயில் ஏறினோம். போஹும் நகர விலங்குக் காட்சிச்சாலைக்கு ஒரு மணி நேரப் பயணம்.

டூக்கான் என்ற தென்னமெரிக்கப் பறவை உறங்கும்போது தன் நீண்ட அலகை முதுகில் கிடத்தி, வாலை மேலே மடித்துப் பந்தாகிவிடும் என்று வாசித்திருந்தேன். எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டிதழுக்கு அதைப் பற்றி எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். கண்ணால் காணாமல் எழுதுவதில்லை என்பதில் உறுதியாக இருந்தேன். குளிர்காலத்தில் நாலரைக்கே இருட்டும், காட்சிச்சாலையை மூடுவது ஐந்துக்கு. அதனால்தான் டிசம்பர்.

"ஒரு குருவி நித்திரை கொள்ளுறதைப் பார்க்கவோ என்ரை லீவு நாள்?" என்றாள் மனைவி மலர். முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்ப்பவள்.

"குருவியில்லையப்பா, டூக்கான்."

"ஓம், பெரிய வித்தியாசம்!"

பறவைக் கூடம் வெக்கையாக இருந்தது. அமேசன் காட்டின் வெள்ளைத் தொண்டை டூக்கான் ஒன்று, அலகு நுனியில் பப்பாசிப் பழத் துண்டைக் கவ்வி, தலையை அண்ணாந்து எறிந்து விழுங்கியது. உடலுக்குப் பொருந்தாத அந்த அலகு உள்ளே நுரைபோல் துளைகள் நிறைந்த லேசான எலும்புதான். அதிகச் சூட்டை வெளியேற்றுவதும் அதுவே. உறங்கும்போது இறகுக்குள் புதைப்பது சூடு போகாமலிருக்கத்தானாம்.

நாலே முக்கால். வெளியே இருட்டு, உள்ளே பட்டப்பகல். பராமரிப்பாளப் பெண்ணிடம் கேட்டேன்.

"இவற்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வெளிச்சம் வேண்டும். விளக்கு ஆறுக்குத்தான் அணையும்" என்றாள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த நான், வெப்பநாட்டுப் பறவைக்கு ஜெர்மன் சூரியனை வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன்! ஆறு வரை நிற்க அனுமதி கேட்டேன். "முடியாது, மிரண்டுவிடும்."

"உங்களுக்குக் கேக்கத் தெரியாது, விடுங்கோ" என்று மலர் முன்னே வந்து ஜெர்மன் மொழியில் சொன்னாள்: "உறங்குகிறவர்களை எழுப்பாமல் அறைக்குள் நிற்பதுதான் என் தொழில். இவருக்கும் நான் பொறுப்பு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "கதவோரம் மட்டும். பேசக்கூடாது."

ஆறு மணி. விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கின. டூக்கான் கிளையில் குந்தியது. தலையைப் பின்னால் திருப்பி அலகை முதுகிறகில் புதைத்தது. வால் மெல்ல எழுந்து அதன்மேல் கவிழ்ந்தது. கிளையில் ஒரு கறுப்புப் பந்து.

"போர்வையும் தானே போடுது. எங்கடை இல்லத்து ஆக்கள் இப்படியெண்டால் எனக்கு வேலையே இல்லை" என்று வெளியே வந்ததும் மலர் சொன்னாள்.

6.40 ரயிலில் என் தோளில் சாய்ந்து உறங்கிப்போனாள். நான் அசையவில்லை. கோடையில் பத்து மணிக்கும் குளிர்காலத்தில் நாலரைக்கும் இருட்டுகிற இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடமாகிறது. யாழ்ப்பாணத்தில் போலவே எனக்கு ஆறு மணிக்குப் பொழுதுபட்டது அன்று அந்தக் கூடத்தில்தான்.