கொஞ்சத்துக்கு ஆங்கிலம்

கோப்பிக் கடையில் நிற்கிற பிள்ளை என் பெயரைக் கேட்டாள். ‘சிவா’ என்றேன். முழுப் பெயரையும் சொன்னால் பின்னால் நிற்பவர்கள் வேலைக்குப் பிந்திவிடுவார்கள். ‘அமேசிங்!’ என்றாள். நான் கேட்டது பால் விடாத சிறிய கோப்பி ஒன்று. அதற்கு ‘பேர்ஃபெக்ற்’. வங்கி அட்டையை இயந்திரத்தில் தொட்டேன். அதற்கு ‘ஓசம்’. முப்பத்திநான்கு வருட அரசாங்க சேவையில் மேலதிகாரிகள் என்னைப் பற்றி எழுதிய ஆகக் கூடிய புகழ்ச்சி ‘திருப்திகரம்’. ஒருவர் மட்டும் ‘மிகவும் திருப்திகரம்’ என்று எழுதிவிட்டு, பிறகு யோசித்து, ‘மிகவும்’ என்பதை வெட்டி, வெட்டிய இடத்தில் முறைப்படி சிறுகையொப்பமும் இட்டிருந்தார். அது இரகசிய அறிக்கைதான். ஆனால் இரகசியக் கோப்புகள் இருந்த அலுமாரியின் திறப்பு என்னிடம் இருந்தது.

நான் ஊர்காவற்றுறைக்காரன். எழுதுவினைஞனாக நெடுந்தீவுக்கு மாற்றலாகிப் போய், மூன்று மாதத்தில் திரும்பிவிடுவதென்று எண்ணி, அங்கேயே மங்கையைக் கலியாணம் செய்து, கடைசியில் பிரதம லிகிதராக இளைப்பாறினேன். கூடவே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்ற முத்திரையும் என்னிடம் இருந்தது. பிறப்பு, இறப்பு, விவாகம், காணி உறுதி எல்லாவற்றையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு, ஒரு சொல் கூடாமல் குறையாமல் மாற்றிக் கொடுத்தவன். இப்போது நாங்கள் இருவரும் மகள் வதனியோடு, ரொறன்ரோவிலிருந்து மூன்று மணித்தியாலம் தள்ளி, தமிழ்க் கடை ஒன்றுகூட இல்லாத ஒரு சிறிய கனடிய நகரத்தில் இருக்கிறோம். இங்கே ஆஸ்பத்திரியில் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லை. ஆகவே மங்கையின் இடுப்பு மூட்டைப் பரிசோதிக்கப் போனபோது அந்தப் பதவி எனக்கே கிடைத்தது.

தாதி ஒருத்தி கணினியின் முன் இருந்துகொண்டு, பூச்சியம் முதல் பத்து வரைக்குள் நோவு எவ்வளவு என்று கேட்டாள். மங்கை கதிரையின் நுனியில் இருந்தபடி, “கொஞ்சம் நோகுது. பரவாயில்லை எண்டு சொல்லுங்கோ” என்றாள். நான் சொன்னேன்: ‘எ லிற்றில் பெயின். நொற் பாட்.’ இலக்கம் வேண்டும் என்றாள் தாதி. மங்கையிடம் கேட்டேன். “சோதனை மாக்ஸ் மாதிரிக் கேக்கினம், மூண்டு எண்டு போடச் சொல்லுங்கோ” என்றாள். மூன்று என்றேன். ‘ஓசம்!’ என்று சொல்லித் தாதி தட்டச்சு செய்தாள். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. சத்திரசிகிச்சை இப்போதைக்கு அவசியமில்லையாம். ஒரு வருடம் கழித்து மறுபடியும் பார்ப்பார்களாம். மிக ஒழுங்கான கடிதம். திகதி, கோப்பு இலக்கம், கையொப்பம் எல்லாம் உரிய இடத்தில் இருந்தன. நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

கடிதம் வந்த அடுத்த வாரம், கடைக்குப் புறப்பட்ட நான் கண்ணாடியை மறந்துபோய்த் திரும்பி வந்தேன். கதவைத் திறந்தபோது மங்கை மாடிப்படியில் இருந்தாள். நடந்து இறங்கவில்லை, குந்தி இருந்தாள். ஒரு படியில் இருந்து, இரண்டு கையையும் ஊன்றி, அடுத்த படிக்கு உடம்பை இறக்கி, அங்கே இருந்து மூச்சு வாங்கி, பிறகு அதற்கடுத்த படி. சத்தமே இல்லை. அவள் என்னைக் காணவில்லை. நான் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். கண்ணாடி இல்லாமலே கடைக்குப் போய், பாலுக்குப் பதிலாக மோர் மாதிரி ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் அதற்கும் என்னைத்தான் ஏசினாள்.

நடைமுறைகள் எனக்குத் தெரியும். எந்த நாட்டிலும் ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில், முன்பக்கத்தில் சொன்னதற்கு மாற்று வழி ஒன்று சிறிய எழுத்தில் இருக்கும். இருந்தது. நிலைமையில் மாற்றம் ஏற்பட்டால் மீள்மதிப்பீடு கேட்கலாம். கேட்டேன். ஒரு பிரதி போதும் என்றார்கள், பழக்கதோஷத்தில் மூன்று அனுப்பினேன். திகதி கிடைத்தது. ஆனால் இந்த முறை சொல் பிழைக்கக் கூடாது. “அப்பா, உங்கடை இங்கிலீஷ் கந்தோர்க் கடித இங்கிலீஷ். இஞ்சை அதை ஒருத்தரும் விளங்கிக்கொள்ள மாட்டினம்” என்று வதனி சொல்லி, நூலகத்தில் நடக்கும் இலவச ஆங்கில வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டாள்.

வகுப்பு நடத்துகிற லிண்டா என்னைவிட நாலைந்து வயது இளையவள். முதல் நாளே ஒரு தாள் தந்தாள். இடப்பக்கம் சாதாரணப் பெயரடைகள், வலப்பக்கம் அவற்றின் பலத்த உறவினர்கள். களைப்பு என்று சொல்லாதே, ‘எக்ஸ்சோஸ்ற்றட்’ என்று சொல். குளிர் என்று சொல்லாதே, ‘ஃபிறீசிங்’ என்று சொல். பசிக்கு ‘ஸ்ராவிங்’. ‘வெரி’ என்பது சோம்பேறிகளின் சொல் என்றாள். எல்லோரும் ஒவ்வொரு வசனம் சொன்னார்கள். என் முறைக்கு ‘ஸ்ராவிங்’ வந்தது. நான் எழும்பி நின்று, ‘மதியச் சாப்பாடு பிந்திப்போயிற்று, ஆனால் நான் ஸ்ராவிங் இல்லை’ என்றேன். லிண்டா முகம் வாடிப்போய், தன் பையிலிருந்து தானியக் கட்டி ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தாள். நான் இலக்கணம் சொன்னேன், அவள் பசி என்று விளங்கிக்கொண்டாள். மறுத்தால் இன்னும் மோசமாகும் என்று அதை வகுப்பு முடியும்வரை மென்றேன்.

மெல்லும்போது நெடுந்தீவு ஞாபகம் வந்தது. கடல் கொந்தளித்து, கிழமைக் கணக்கில் படகு ஓடாமல், கூட்டுறவுச் சங்கக் கடையில் வெறும் தராசு மட்டும் தொங்கின நாட்கள் இருந்தன. அப்போது சனம் சொன்னது, “சாமான் கொஞ்சம் தட்டுப்பாடு.” அவ்வளவுதான். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இதில் புதினம் ஒன்றும் இல்லை. புலம்பெயர்ந்த நீங்களும் தாயோடு தொலைபேசியில் கதைக்கும்போது கேட்டிருப்பீர்கள். நாங்கள் ஒரு விசயம் பாரமாகப் பாரமாகச் சொல்லை இலேசாக்குகிற ஆட்கள். லிண்டாவின் தாளைத் தலைகீழாகப் பிடித்தால் எங்கள் அகராதி வரும்.

இதை எனக்கு முதலில் படிப்பித்தவர் மரியதாஸ் அண்ணை. அக்கரைக் குறிகட்டுவானுக்கு ஓடின படகின் தண்டையல், படகை ஓட்டுகிறவர். நான் போன புதிதில், சோளகக் காற்று நாளில், அவசரக் கோப்புகளோடு இறங்குதுறைக்குப் போய், “கடல் எப்பிடி?” என்று கேட்டேன். வானத்தையும் பார்க்காமல், கடலையும் பார்க்காமல், தன் காலைப் பார்த்துக்கொண்டு, “கொஞ்சம் அசைவு, ஐயா” என்றார். கொஞ்சம்தானே என்று ஏறினேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு கயிற்றை அவிழ்த்தார். போய்ச் சேர்ந்தபோது கோப்புகள் நனைந்து, நான் குடலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கக்கி முடித்திருந்தேன்.

“ஏன் அண்ணை ஏலாது எண்டு சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“நான்தானே கொஞ்சம் எண்டு சொன்னனான்!” என்றார். “அதுக்குமேலை என்னண்டு ஐயா சொல்லுறது? பயப்பிடுத்தவோ?”

வதனி பிறந்த காலையும் அப்படித்தான். மங்கை குசினி வாசலில் நின்று, “இஞ்சருங்கோ, கொஞ்சம் ஒரு மாதிரிக் கிடக்கு” என்றாள். சவரத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். ஒரு கன்னம் முடிவதற்குள் பக்கத்து வளவு அக்கா கல்வேலிக்கு மேலால் பாய்ந்து வந்தார், மருத்துவிச்சிக்கு ஆள் ஓடியது. மறு கன்னத்தில் சவுக்காரம் காய்ந்திருக்கவே நான் பிள்ளையைக் கையில் வாங்கினேன்.

ஆகவே எனக்குத் தெரியும். கனடாத் தாதிக்குத் தெரியாமல் இருந்தது குற்றமில்லை. நாற்பது வருடம் அந்தத் தீவின் கொஞ்சத்தைக் கேட்டுக்கொண்டு வாழ்ந்த நான், முத்திரை வைத்திருந்த நான், ‘எ லிற்றில்’ என்று சொன்னேன். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதுதான் பிழை.

பிராயச்சித்தமாக வலப்பக்கச் சொற்களை மனப்பாடம் செய்தேன். நோவுக்கு லிண்டா தந்ததில் ஆகப் பெரியது ‘எக்ஸ்குரூஷியேற்றிங்’. மங்கைக்கும் பழக்கலாம் என்று பார்த்தேன்.

“இஞ்சாரும், இதை ஒருக்காச் சொல்லிப் பாரும்.”

“அது என்ன, பூச்சி மருந்தின்ரை பேரே?”

“தாங்க ஏலாத நோ எண்டு அர்த்தம்.”

“தாங்கிக்கொண்டுதானே இருக்கிறன். பொய் சொல்லி என்னை வெட்டுவிக்கவோ இங்கிலீசு படிச்சனீங்கள்?” என்றாள். கீரையை ஆய்ந்த கை நிற்கவே இல்லை.

மீள்மதிப்பீட்டுக்கு இந்த முறை தாதி இல்லை, சத்திரசிகிச்சை நிபுணரே வந்தார். உயரமான, அவசரமில்லாத பெண். நோ எப்படி என்று கேட்டார். மங்கை என்னைப் பார்த்து, “கொஞ்சம் நோகுது, பரவாயில்லை” என்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். எக்ஸ்குரூஷியேற்றிங் வந்தது, அன்பெயறபிள் வந்தது, இன்னும் இரண்டு வரிசையில் நின்றன.

“நில்லுங்கோ” என்றாள் மங்கை. “நான் மூண்டு சொல்லுத்தானே சொன்னனான். நீங்கள் ஏன் தேவாரம் பாடுறியள்?”

மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு மனைவி கணவனை மறிப்பது எந்தப் பாசையிலும் விளங்கும். ‘அவர் என்ன சொல்கிறார்?’ என்று கேட்டார். அந்த அறையில் ஒரு மொழிபெயர்ப்பாளன் செய்யக்கூடிய காரியம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. போன முறை நான் பிழையாக மொழிபெயர்த்தேன் என்று சொன்னேன். சொற்கள் சரி, அளவுகோல் பிழை. எங்கள் தீவில் கடல் கொஞ்சம் அசைகிறது என்றால் படகு ஏறக் கூடாது என்று அர்த்தம் என்று, மரியதாஸ் அண்ணையின் கதையைக் கோப்புகள் நனைந்தது வரை சொன்னேன். மருத்துவர் சிரிக்கவில்லை. கணினியை விட்டுத் திரும்பி, ‘நோவைப் பற்றிக் கேட்க வேண்டாம். முன்பு செய்த எதை இப்போது செய்வதில்லை என்று கேளுங்கள்’ என்றார்.

கேட்டேன்.  மங்கை நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள், “மாடிப்படி நடந்து இறங்கிறேல்லை. இருந்து இருந்துதான் இறங்கிறனான். இதை இவருக்குச் சொல்ல வேண்டாம் எண்டு டொக்டரிட்டைச் சொல்லுங்கோ.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. என் முகத்தைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியும்” என்றேன்.

“எப்ப துவக்கம்?”

“கண்ணாடியை விட்டிட்டுப் போன அண்டு துவக்கம்.”

“அதுதான் பாலை மாத்தி வாங்கி வந்தனீங்களோ?” என்றாள். சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

அவள் சொன்னதை, கணவனுக்குச் சொல்ல வேண்டாம் என்ற பகுதியோடு சேர்த்து, அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அதில் ஒரு பெயரடைகூட இருக்கவில்லை. மருத்துவர் கொஞ்சம் என்ற சொல்லை எழுத்துக்கூட்டித் தரும்படி கேட்டார். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, கோப்பில் பதிந்துகொண்டார். கனடிய அரசாங்கக் கோப்பொன்றில் எங்கள் சொல் ஒன்று, விளக்கக் குறிப்போடு. சத்திரசிகிச்சைக்குத் திகதி ஆறு வாரத்துக்குள் கிடைத்தது.

நேற்று அது முடிந்தது. இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மங்கை தலையணைகளுக்கு நடுவில் சின்னதாகக் கிடந்தாள். தாதி ஒருத்தி வந்து கோப்பைப் பார்த்தாள். அந்தக் குறிப்பை வாசித்திருக்க வேண்டும். ‘கொன்ஜம்?’ என்று கேட்டாள், எங்கள் சொல்லை வாய்க்குள் உருட்டி. நான் வாய் திறப்பதற்கு முன்னர் மங்கை, என்னைப் பாராமல், தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வெள்ளைக்காரிக்கு நேரடியாகப் பதில் சொன்னாள்:

“வெரி கொஞ்சம்.”

தாதி என்னைப் பார்த்தாள். மருந்து கூட்டுவதா, குறைப்பதா? இத்தனை வருட மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு சொற்றொடர் என்னிடம் வந்ததில்லை. நான் கட்டிலின் பக்கம் குனிந்தேன்.

“இஞ்சாரும், இது எந்தக் கொஞ்சம்? ஊர்க் கொஞ்சமோ, இஞ்சத்தைக் கொஞ்சமோ?”

மங்கை கண்ணை மூடி, உண்மையாகவே யோசித்தாள்.

“தெரியேல்லையப்பா” என்றாள். “ரெண்டுக்கும் நடுவிலை எங்கையோ கிடக்கு.”

தாதி பேனையைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றாள்.