பார்சல் கட்டிய பொட்டலம்

எங்கள் அலுவலகத்தில் என் அக்கா வீட்டுக்காரருக்குப் பெயர் பார்சல். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேரேயே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். கடைசியில் கேலி செய்தவர்களுக்குத்தான் சலித்துப் போனது.

நாங்கள் கிளினிக்குகளுக்கான செயலி செய்கிற நிறுவனம். நோயாளியின் பெயர், டோக்கன், மருந்துச் சீட்டு என்று எல்லாம் பிரவுசரிலேயே நடக்கும். ஒன்பது பேர் உட்கார்ந்து நிரல் எழுதுகிறார்கள். எழுதியது அவரவர் கணினியில் துண்டு துண்டாகக் கிடக்கும். அதையெல்லாம் சேர்த்து, அது ஓடத் தேவையான மற்ற சரக்கையும் உள்ளே வைத்து, ஒரே பொட்டலமாகக் கட்டி, மேலே ஒரு வெர்ஷன் எண்ணைப் போட்டுக் கொடுப்பது மாமாவின் வேலை. அதைத் தூக்கிக்கொண்டு கிளினிக் கிளினிக்காக அலைந்து, அங்கே உள்ள கணினியில் போட்டுவிட்டு, ஓடாவிட்டால் வாங்கிக் கட்டிக்கொள்வது என் வேலை. இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். வாரத்துக்கு ஒரு தடவையாவது அதைச் சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மாமா இந்த ஆபீஸுக்கு வந்தது பிரிண்டருக்கு மை மாற்றுவதற்கு. அப்போது பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் முதலாளியோடு முறைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஒரு கிளினிக்குக்கு அனுப்பியாக வேண்டும். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, எதை அமுக்கினால் என்ன வரும் என்று மாமாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அமுக்கினார், வந்தது. அன்றோடு பிரிண்டர் அனாதையாயிற்று, மாமா நிபுணர் ஆகிவிட்டார். அதன் பிறகு அவராகவே ஒரு வருடம் முட்டி மோதிக் கற்றுக்கொண்டார் என்பதை நான் மறுக்கவில்லை. இவ்வளவு போதும் என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றியது பாருங்கள், பிடித்தது சனி.

ஜன்னலோரம் அவருடைய மேஜை. மேஜைக்கு அடியில் ஒரு சாம்பல் நிறக் கணினிப் பெட்டி. அதை எந்தக் காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. "தொடாதே" என்று கொட்டை எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. தரை பெருக்குகிற அம்மாவின் துடைப்பம் அந்தப் பக்கம் போனாலே மாமா நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். பொட்டலம் எப்படிக் கட்டுவது என்று அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கேட்டால், "அதெல்லாம் கைப்பழக்கம் மாப்ள, எழுதினா வராது" என்பார். எனக்குக் கொடுத்தனுப்பும் கையேட்டில் மொத்தமே இரண்டு வரி. ஒன்று: போடவும். இரண்டு: ஓடும்.

"மூணாவதா ஒரு வரி எழுதுங்க மாமா" என்று ஒரு தடவை கேட்டேன்.

"என்னன்னு?"

"ஓடலைன்னா என்ன செய்யணும்னு."

"ஓடலைன்னா உன்னைக் கூப்பிடப் போறாங்க. உனக்கு எதுக்குச் சம்பளம்?"

அவருடைய பெருமை எல்லாம் பொட்டலத்தின் அளவில் இருந்தது. மற்ற கம்பெனிக்காரர்களின் பொட்டலம் ஐந்நூறு மெகாபைட், எண்ணூறு மெகாபைட் என்று இருக்கும். மாமாவுடையது நாற்பது. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே நிறுத்திவைத்து இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவார். எப்படி இவ்வளவு சின்னதாக வருகிறது என்று கேட்டால் ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இதையெல்லாம் அக்கா நம்பினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் தலைமை நர்ஸ். ஒரு நோயாளியின் எடையை யாராவது குறித்துக் கொடுத்தால், அவரைத் திரும்ப ஏற்றி நிறுத்தித் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. அப்படிப்பட்டவள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் இவர் அளப்பதையெல்லாம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். மகள் பிறந்த அன்று வெர்ஷன் நான்கை அனுப்பிவிட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் மனிதர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அக்கா அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "அவர் இல்லாட்டி அங்க ஒண்ணும் நடக்காதுடா" என்பாள்.

அவள் வேலை பார்க்கும் நிலையத்தில் பதினான்கு கருவிகள். நாளுக்கு மூன்று வேளை ஆட்கள் வந்து போவார்கள். யாருக்கு எந்தக் கருவி, எத்தனை மணிக்கு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் சுவரில் இருந்த ஒரு வெள்ளைப் பலகையிலும் அக்காவின் தலையிலும் இருந்தது. எங்கள் செயலியை வாங்கலாம் என்று அக்காதான் நிலையத்தை நடத்தும் டாக்டரம்மாவிடம் சொன்னாள்.

"ஏற்கெனவே ஒருத்தர் வந்து போட்டுட்டுப் போனாரு. ஒரு மாசம்கூட ஓடல சிஸ்டர்" என்று தயங்கியிருக்கிறார் டாக்டரம்மா.

"இது என் வீட்டுக்காரர் கட்டுறது டாக்டர். நான் பொறுப்பு" என்றிருக்கிறாள் இவள்.

அடுத்த வருடம் டாக்டரம்மா இரண்டாவது நிலையம் ஒன்றைத் திறக்கப்போகிறார். இந்தச் செயலி ஒழுங்காக ஓடினால் அந்தப் புது நிலையத்தை அக்காவின் பொறுப்பில் விடுவதாகப் பேச்சு. பத்தொன்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவளுக்கு அங்கே ஒரு தனி அறையும் நாற்காலியும் கிடைக்கும். அவள் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கணினி தனி அறையில் இருக்கும், வெளியிலிருந்து எந்த இணைப்பும் அதற்குள் வரக் கூடாது. நோயாளிகளின் விவரம் வெளியே போகக் கூடாது, இணையம் அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாது. சனிக்கிழமை நான் போய்ப் போட வேண்டும். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பலகையை அழித்துவிட்டுக் கணினியில் தொடங்குவார்கள். முதல் வாரமே மாமாவிடம் இதைப் படித்துப் படித்துச் சொன்னேன்.

"நாப்பது மெகாபைட் மாப்ள. பென்டிரைவ்ல போட்டு சட்டைப் பையில வெச்சுட்டுப் போயிடு. இணைப்பு எதுக்கு?" என்றார்.

சனிக்கிழமை காலை போட்டேன். கடவுச்சொல் கேட்கும் பக்கம் அழகாக வந்தது. அடித்தேன். சக்கரம் சுற்றியது, சுற்றியது, பிறகு பக்கம் வெள்ளையாகிவிட்டது. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். மூன்று தடவையும் அதே வெள்ளை. மாமாவுக்குப் போன் போட்டேன்.

"என் மெஷின்ல ஓடுதே" என்றார்.

"உங்க மெஷின் இங்க இல்லையே மாமா."

"நெட் வயரைச் சொருகிப் பாரு."

"கூடாதுன்னு சொன்னேனே."

"அட, சொருகிட்டு அப்படியே பீரோவுக்குப் பின்னாடி விட்டுடு. டாக்டர் கண்ணுல படாது."

ஏன் சொருக வேண்டும் என்றதற்கு, சொன்னதைச் செய் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஏழு வருடமாக இந்த மனிதரின் பொட்டலங்களைச் சுமந்திருக்கிறேன். ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பிரித்தேன். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தவனுக்கு ஓரிடத்தில் தூக்கிவாரிப் போட்டது. அங்கே எங்கள் ஆபீஸின் இணைய முகவரி இருந்தது. யாராவது கடவுச்சொல்லை அடித்தால், அது சரியா என்று பார்க்கிற பகுதி பொட்டலத்துக்குள்ளேயே இல்லை. அது இருந்தது மாமாவின் மேஜைக்கு அடியில். ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒவ்வொருவர் உள்ளே நுழையும்போதும், செயலி சத்தமில்லாமல் அந்தச் சாம்பல் பெட்டிக்குப் போய்க் கேட்டு வாங்கி வந்துகொண்டிருக்கிறது. அது மட்டுமில்லை, மருந்துப் பட்டியலும் அங்கேதான், அச்சடிக்கிற பகுதியும் அங்கேதான். வெளியூர் கிளம்புகிறவன் துணிமணியெல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டு, என் பெட்டி எவ்வளவு லேசு பார் என்று ரயிலடியில் நின்று பீற்றிக்கொள்வது போலத்தான் அந்த நாற்பது மெகாபைட். ஆபீஸில் சோதித்தபோதெல்லாம் அது ஏன் ஓடாது? வீடு அங்கேதானே இருக்கிறது.

திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஓ, அதுவா. எப்பவோ டெஸ்டுக்காக வெச்சது. எடுக்க மறந்துபோச்சு. பதினோரு வருஷமா ஒருத்தனும் குறை சொல்லலையே."

"அதையெல்லாம் உள்ள வெச்சு, இப்பவே வேற ஒண்ணு கட்டித் தாங்க."

 எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், பல திருத்தங்களை அந்தப் பெட்டியிலேயே கையால் போட்டு வைத்திருக்கிறேன், மூன்று வாரமாவது ஆகும் என்று இழுத்தார். கைப்பழக்கம் என்றாரே, அது இதுதான். எனக்கு ஆத்திரம் வந்தது. இவர் மேல் பாதி, பிரித்துப் பார்க்காத என் மேல் பாதி.

"இரு, நானே வந்து முடிச்சுக் காட்டுறேன்" என்றார் கடைசியில்.

சாயங்காலம் நான்கு மணிக்கு வந்தார். தலைவாசல் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, குழந்தையைத் தூக்கி வருவது போல இரண்டு கையாலும் நெஞ்சோடு எதையோ அணைத்துக்கொண்டு வந்தார். துண்டு சுற்றியிருந்தது. அறைக்குள் வந்து துண்டை விலக்கியதும், "தொடாதே" என்றது காகிதம்.

"இந்தப் பெட்டியையே இங்க வெச்சிடலாம்" என்றார். முகமெல்லாம் பிரகாசம். "நெட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். எப்படி ஐடியா?"

"மாமா, இதைப் புடுங்கிட்டா வந்தீங்க?"

"பின்ன, புடுங்காம எப்படித் தூக்கிட்டு வர்றது?"

"மத்த முப்பத்தோரு கிளினிக்?"

 பெட்டியின் மின்வயர் அவர் முழங்காலுக்குக் கீழே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு கையிலும் பெட்டி இருந்ததால் நான்தான் எடுத்தேன். ஒரு குழந்தைகள் கிளினிக்கிலிருந்து பேசினார்கள். சாயங்கால ஆட்கள் வந்துவிட்டார்கள், யாராலும் உள்ளே நுழைய முடியவில்லையாம். அதை வைப்பதற்குள் இன்னொன்று வந்தது. மூன்றாவதாக முதலாளி. அதை எடுக்க எனக்குத் தைரியம் வராமல் மேஜையில் வைத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவும் அக்காவும் உள்ளே வந்தார்கள்.

"என்ன சிஸ்டர், திங்கட்கிழமை போர்டை அழிச்சிடலாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் டாக்டரம்மா.

மாமா முந்திக்கொண்டார். "தாராளமா அழிக்கலாம் டாக்டர். சின்ன விஷயம்தான், இதோ இந்த..."

அக்கா அவரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், அலறிக்கொண்டிருந்த போனைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடா."

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் எதிரே நின்றார். என்னைத் தூக்கி வளர்த்தவளும் நின்றாள். நான் இருந்ததை இருந்தபடி சொன்னேன். பீரோவுக்குப் பின்னால் வயர் விடச் சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அக்கா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஆளுங்க ஊசி குத்திக்கிட்டுப் படுத்திருக்கும்போது இந்தப் பெட்டி நின்னுபோச்சுன்னா என்னங்க பண்றது?"

"நிக்காது. பதினோரு வருஷமா நின்னதே இல்ல."

"இப்ப நின்னுதானே இருக்கு?"

மாமா குனிந்து கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். 

அக்கா டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "போர்டை அழிக்க வேணாம் டாக்டர். நான் பொறுப்புன்னு சொன்னேன். அப்படிச் சொன்னது என் தப்பு."

"ஏய், எதுக்கு இங்க... வீட்டுல போய்ப் பேசிக்கலாமே" என்று மாமா கிசுகிசுத்தார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "உங்க பேச்சை நம்பித்தானே சிஸ்டர் நான் சரின்னேன்?" என்று மெதுவாகத்தான் கேட்டார். இரண்டாவது நிலையமும் அந்த அறையும் நாற்காலியும் அந்த ஒரு கேள்வியோடு போய்விட்டன. எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது.

"ஆமா டாக்டர்" என்றாள் அக்கா.  மாமா பக்கம் அவள் திரும்பவே இல்லை. "நானும் வீட்டுல பேசினதை நம்பித்தான் சொன்னேன்."