பெயருக்கு நேரே ‘டீ’

1. வெறும் வயிறு

கோலார் தங்கவயலில் ஒரு கல்லூரியின் ஹெல்த் ரூமில் நர்ஸாகச் சேர்ந்து நான் நடத்திய முதல் சுகர் கேம்ப் அது. ‘காலையில் வெறும் வயிற்றில் வரவும்’ என்று பெரிதாக எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தேன். மறுநாள் குத்திப் பார்த்தால், வரிசையில் முக்கால்வாசிப் பேருக்குச் சுகர் கூடுதலாகவே காட்டியது. பயந்து போனேன். பங்காருபேட்டை ரயிலில் வந்திருந்த மாணவன் சுரேஷைப் பிடித்துக் கேட்டேன்.

“இன்னா சாப்ட?”

“ஒண்ணும் சாப்டல சிஸ்டர். ஸ்டேஷனாண்ட டீயும் பன்னும்தான்.”

“அது சாப்பாடு இல்லியா?”

“டீ எப்டி சிஸ்டர் சாப்பாடாவும்?”

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் இதே தங்கவயலில் கோரமண்டல் பகுதிக்காரிதான். அப்பா ரெண்டு கிளாஸ் டீ குடித்துவிட்டுச் சுரங்கத்தில் ஷிஃப்டுக்கு இறங்குவார். “பாவம், வெறும் வயித்தோட போறாரு” என்று அம்மா புலம்புவாள். எங்கள் ஊரில் டீ சாப்பாட்டுக் கணக்கில் வராது. இது தெரிந்தும் நோட்டீஸில் ஒரு வரி சேர்க்காதது என் தப்பு. அதற்குப் பிறகு சுகர் கூடுதலாகக் காட்டியவர்களின் பெயர்களுக்கு நேரே எல்லாம் ‘டீ’ என்று எழுதிக்கொண்டே போனேன். யாரையும் கேட்கவில்லை.

2. ரோஸ்லின்

மாரிகுப்பத்துப் பெண் ரோஸ்லின். பி.காம். இரண்டாம் வருஷம். முன்பு பூசினாற்போல இருப்பாள், அன்று துப்பட்டா நிற்காத அளவுக்குத் தோள் இளைத்திருந்தது. “சூப்பரா ஸ்லிம் ஆயிட்டியே, எனக்கும் அந்த டயட்டச் சொல்லு கண்ணு” என்றேன். வெட்கப்பட்டுச் சிரித்தாள். மீட்டரில் 248. பன் தொட்ட விரலில் சர்க்கரை ஒட்டியிருந்தால்கூட மீட்டர் ஏமாறும். அப்படித்தான் என்று நானே முடிவு செய்து அவள் பெயருக்கு நேரேயும் ‘டீ’ எழுதினேன்.

மத்தியானம் அவள் தோழி பவித்ரா தலைவலி மாத்திரை கேட்டு வந்தாள். மேஜையில் கிடந்த லிஸ்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“ரோஸ்லினுக்கு இன்னா சிஸ்டர் டீன்னு போட்டுகீறீங்க? அவ டீயே குடிக்கல. நோட்டீஸ்ல போட்டுகீதுன்னு பச்சத் தண்ணிதான் குடிச்சா. இப்பல்லாம் பாட்டில் பாட்டிலா குடிக்கிறா. கிளாஸ்ல தண்ணி லாரின்னு பேரு வெச்சிட்டோம்.”

இளைப்பு, தாகம், 248. மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையிடம் டயட் கேட்டிருக்கிறேன்! வகுப்பில் அவள் இல்லை. “டயர்டா கீதுன்னு ரயிலுக்குக் கெளம்பிட்டா” என்றார்கள். மீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். கோரமண்டல் ஸ்டேஷனில் பெஞ்சில் சாய்ந்து கிடந்தாள். கையைக் கழுவச் சொல்லிக் குத்திப் பார்த்தேன். 360-ஐத் தாண்டியிருந்தது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, “நான் நல்லாத்தான சிஸ்டர் ஸ்லிம் ஆனேன்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் அழுதுவிட்டேன். இன்சுலின் இல்லாமல் உடம்பு தன்னையே தின்றிருக்கிறது. இரண்டு நாள் விட்டிருந்தால் மயக்கத்தில்தான் கொண்டு வந்திருப்பீர்கள் என்றார் டாக்டர்.

3. அடுத்த கேம்ப்

மறு வருஷம் வாசலில் ரோஸ்லினே உட்கார்ந்தாள். “டீ? பன்னு? பூஸ்ட்டு? பொய் சொன்னா ரெண்டு தரம் குத்துவேன்” என்று அவள் மிரட்டிய மிரட்டலில் பாதிப் பேர் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிப் போனார்கள். கூட்டம் குறைந்ததும் என் விரலைப் பிடித்தாள்.

“நீங்க எப்ப சுகர் பாத்தீங்க சிஸ்டர்?”

நான் பார்த்ததே இல்லை. பதில் சொல்வதற்குள் குத்திவிட்டாள். தினம் நாலு தடவை தன்னைக் குத்திக்கொள்கிற கை, வலிக்கவே இல்லை. 190.

“டீ குடிச்சேன்மா, அதான்” என்றேன்.

“எனக்கும் இதேதான் எழுதுனீங்க” என்றாள், சிரிக்காமல். “நாளைக்கு டீ இல்லாம வாங்க.”

போனேன். கையைக் கழுவி நீட்டினேன். 164.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு எண்ணைப் பார்த்ததும் நமக்கு நிம்மதி தருகிற காரணம் உடனே தோன்றும். கேட்காமல் அதை எழுதிவிடாதீர்கள். ரோஸ்லின் அன்று என் பெயருக்கு நேரே எண்ணை மட்டும் எழுதி, என்னைக் கையோடு டாக்டரிடம் அழைத்துப் போனாள்.