சிவப்புப் புள்ளி வைத்த பூட்டு

செம்மண்டலத்தில் என் மனைவியின் தம்பி கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடை வைத்திருந்தான். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நானும் அதில் சேர்ந்துகொண்டேன். தமிழில் அடிக்க ஒரு மென்பொருள், ஒரே தடவை காசு கொடுத்து வாங்கியது. அதோடு பென் டிரைவ் மாதிரி கட்டைவிரல் அளவில் ஒரு பூட்டு தந்திருந்தார்கள். அதைக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகினால்தான் வேலை நடக்கும். அடையாளத்துக்காக என் மனைவி அதில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தாள்.

2010 வாக்கில் அந்த மென்பொருள் கம்பெனிக்காரர்கள் எங்களைப் போன்ற கடைக்காரர்களைச் சிதம்பரத்தில் ஒரு ஓட்டல் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். புது மென்பொருளாம், வருஷா வருஷம் சந்தாவாம், பழைய பூட்டைத் திருப்பிக் கொடுத்தால் முதல் வருஷம் இலவசமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்க்கிற வேலைக்கு மாசாமாசம் கட்டுகிற கடை வாடகை போதாதா, இதற்கும் ஒரு வாடகையா? மச்சானுக்கோ புதுசு என்றால் உயிர். பண்ருட்டிக் கடைக்காரர்கள் வரிசையில் போய் மேஜைத் தட்டில் பூட்டைப் போட, இவனும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் பக்கம் தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள், அக்கா பத்திரிகையைக் காட்டி அதே மாதிரி வேண்டும் என்பார்கள். பழசைத் திறந்து பெயரை மாற்றித்தான் எங்கள் பாதிப் பிழைப்பே ஓடியது. எழுந்தேன்.

"சந்தா கட்டலன்னா, நாங்க அடிச்சி வச்ச பழைய பத்திரிகைங்க தெறக்குமா சார்?"

புதுப்பித்தால் தாராளமாகத் திறக்கும் என்றார் கம்பெனி ஆள். புதுப்பிக்காவிட்டால் என்று விடாமல் கேட்டேன். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, திறக்காது என்றார்.

பக்கத்தில் மச்சான் எழுந்து நின்றான்.

"எங்க அக்கா கல்யாணப் பத்திரிகையே அதுலதான் சார் இருக்கு. என் கையால அடிச்சது. அதப் பாக்க உங்களுக்கு வருஷா வருஷம் கட்டணுமா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் மேஜைக்கு நடந்தான். அவ்வளவுதான், மொத்த ஹாலும் பின்னாலேயே போய்த் தட்டை மொய்த்தது. எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே அளவு. யாருடையது எது என்று ஒரே களேபரம். கம்பெனி ஆள் உட்காருங்க, உட்காருங்க என்று கெஞ்சினார். மச்சான் சிவப்புப் புள்ளியைத் தூக்கிக் காட்டியபோது எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. அடித்தேன்.

அங்கே போட்ட சாப்பாட்டைக்கூடத் தொடாமல் பஸ் ஏறினோம். கடைக்கு வந்ததும் பூட்டைச் செருகி, அவன் அந்தப் பத்திரிகையைத்தான் முதலில் திறந்தான். என் மனைவி பெயரும் என் பெயரும் பளிச்சென்று திரையில் வந்தன.

"பாத்துக்குங்க மாமா, நம்ம வூட்டுக் கல்யாணம். யாருக்கும் வாடகை இல்ல" என்றான்.